நாலு மணி ஜிலேபியும் ஒரு வாக்கி டாக்கியும்

ஜிலேபி இரண்டு. தேங்காய் பன் ஒன்று. ஆரோக்கியராஜ் அதைச் சாப்பிட்டது திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, கம்பெனிக்கு எதிரே உள்ள கியாசுதீன் பாயின் பேக்கரியில். ஆறரை மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவர் மனைவி நதியா கணக்கை ஒப்பித்துவிட்டாள்.

"ரெண்டு ஜிலேபி, ஒரு தேங்காப் பன்னு. அதுலயும் ரெண்டாவது ஜிலேபிய முறுகலா கேட்டு வாங்கியிருக்கீங்க."

ஒரு காலில் செருப்போடு ஆரோக்கியராஜ் அப்படியே நின்றுவிட்டார். சாப்பிட்டது தெரிந்தால்கூடப் போகட்டும். முறுகலாகக் கேட்டது எப்படித் தெரியும்? மூன்று வாரமாக இதே கதைதான். வாயில் எது போனாலும் அது வயிற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் நதியாவின் காதுக்குப் போய்விடுகிறது.

நதியா ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. போன மாதம் டாக்டர் அவருடைய சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். நதியாவின் அப்பாவுக்குச் சுகரில்தான் ஒரு காலை எடுத்தார்கள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து இருபது வருஷம் ஆகியும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை அவள் மறக்கவில்லை. அதனால் இனிப்பைத் தொடவே கூடாது, வாரத்தில் மூன்று தடவை மாட்டினால் தண்டனை என்று அன்றைக்கே சட்டம் போட்டாள். இந்த வாரத்தில் இது முதல் தடவை. மூன்றாவது தடவை மாட்டினால், ஞாயிற்றுக்கிழமை பொங்கலூர்த் தோப்பில் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் அந்தோணிராஜின் மகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து, அங்கே எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, இவருக்கு மட்டும் கம்பங்கூழ். மாட்டாவிட்டால் ஒரு பிளேட் பிரியாணி, அதுவும் கறியோடு.

பிரியாணி என்றால் ஆரோக்கியராஜ் உயிரை விடுவார். ஞாயிறுக்குள் அந்த உளவாளியைக் கண்டுபிடித்தே தீருவது என்று அவர் அந்த ஒற்றைச் செருப்பின் மேல் நின்றே சபதம் எடுத்தார்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. இவர் கீழே பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் இருக்கிற ஸ்டோருக்கு இன்சார்ஜ். அவள் ரெண்டாவது மாடியில் செக்கிங் சூப்பர்வைசர். ஆடிட்டுக்கு வந்தவர்கள் வேலை நேரத்தில் செல்போன் கூடாது என்று சொல்லிவிட்டதால், போன மாதம் முதலாளி செக்ஷனுக்கு ஒரு வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். ஸ்டோருக்கு ஒன்று, செக்கிங்குக்கு ஒன்று, கட்டிங், பேக்கிங், கேன்டீன் என்று மொத்தம் எட்டு செட்.

செட்டு கைக்கு வந்த நாளிலிருந்து ஆரோக்கியராஜின் நடையே மாறிவிட்டது. சினிமாவில் எத்தனை இன்ஸ்பெக்டர்களைப் பார்த்திருப்பார். அவர்கள் மாட்டுகிற மாதிரியே பெல்ட்டில், முன்பக்கமாக மாட்டிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் முருகேஷ், "அண்ணா, பாக்கெட்டுல வைங்ணா, அங்க மாட்டுனா இடிக்குமுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னான். எந்த இன்ஸ்பெக்டரடா பாக்கெட்டில் வைக்கிறான் என்று இவர் அவன் வாயை அடைத்தார். பேசி முடித்ததும் கம்பீரமாக "ஓவர் அண்ட் அவுட்" என்பார். ஓவர் என்றால் நீ பேசு என்று அர்த்தம், அவுட் என்றால் பேச்சே முடிந்தது என்று அர்த்தம், ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் எதிராளி என்ன செய்வானுங்க என்று முருகேஷ் கேட்டான். படத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று இவர் சொல்லிவிட்டார்.

அதனால் முதல் சந்தேகம் முருகேஷ் மேலேயே விழுந்தது. தினமும் கூடவே டீ குடிக்க வருகிறவன். செவ்வாய்க்கிழமை அவனைக் கழற்றிவிட்டார். அது மட்டுமில்லாமல், டிபன் பாக்ஸையும் ஸ்டோரிலேயே வைத்துப் பூட்டினார். ஒரு படத்தில் வில்லன் காருக்குள் உட்கார்ந்து ஏதோ ஒரு பெட்டியின் திருகைத் திருப்புவான், உடனே ஊரில் யார் எங்கே பேசினாலும் கண்ணாடி மாதிரி கேட்கும். கதாநாயகனின் சாப்பாட்டுத் தூக்கில் மைக் ஒளித்து வைத்திருப்பார்கள். நதியா அந்தப் படத்தை இவரோடு சேர்ந்துதான் பார்த்தாள்.

பேக்கரியில் தாழ்வான பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்தார். தொப்பை மடியில் வசதியாக இறங்கியது. இடுப்பில் இருந்த செட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். கப்சிப். சினிமாவில் செட்டு உயிரோடு இருந்தால் சும்மாவே கர்ர் புர்ர் என்று இரைந்துகொண்டிருக்கும். இது வாயே திறக்கவில்லை, ஆகையால் தூங்குகிறது என்று நிம்மதியாகி, கியாசுதீன் பாயிடம் மெதுவான குரலில் ஒரு மைசூர் பாகு கேட்டார். நெய் ஒழுகுகிற ஓரத் துண்டாகக் கேட்டார்.

"ஓரத் துண்டு நல்லா இருந்துச்சா?" என்றாள் நதியா, ஆறரை மணிக்கு. "இது ரெண்டு."

அதைவிட மோசம், மறுநாள் காலையில் கட்டிங் மாஸ்டர் தங்கவேலு எதிரே வந்து, மைசூர் பாகெல்லாம் உடம்புக்கு ஆகாதுங்க என்று சிரித்தபடியே போனார். பேக்கிங்கில் நாலு பெண்கள் இவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேன்டீன் சமையல்காரர் சென்னிமலை டீயில் சர்க்கரை போடாமலே நீட்டினார். ஆரோக்கியராஜுக்கு யாரைப் பார்த்தாலும் ஒற்றனாகவே தெரிந்தார்கள். வாட்ச்மேன் தும்மினால்கூட சிக்னலோ என்று திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை ஒரு பரிசோதனை செய்தார். லேபிள் வாங்க அவிநாசிக்குப் போகிற வேலை வந்தது. போன இடத்தில் ஒரு ஸ்வீட் கடையில் உட்கார்ந்து மூன்று ஜாங்கிரியை உள்ளே தள்ளிவிட்டு, தூக்குக் கைதி மாதிரி வீட்டுக்கு வந்தார். நதியா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவிநாசியில் மழையா என்று மட்டும் கேட்டாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. தட்டில் இரண்டு கோதுமை தோசை கூடுதலாகவே விழுந்தது.

அன்றைக்கு அவர் மூளை மின்னலாக வேலை செய்தது. அவிநாசியில் தின்றது தெரியவில்லை. இங்கே தின்றது மட்டும் தெரிகிறது. அப்படியானால் உளவாளி இங்கே, இந்தப் பேக்கரியிலேயே இருக்கிறான். பல்லைக் காட்டிக்கொண்டு ஜிலேபி எடுத்துக் கொடுக்கிற கியாசுதீன் பாயேதான். வியாழக்கிழமை முழுவதும் பேக்கரிப் பக்கமே போகாமல் ஆத்திரத்தைச் சேர்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, பாயை அருகில் அழைத்து, குரலைத் தாழ்த்தி விசாரணையை ஆரம்பித்தார். எத்தனை நாளாக என் பெண்டாட்டிக்குத் தகவல் கொடுக்கிறீர், எதற்காகக் கொடுக்கிறீர் என்று கேட்டார். பாய் பாவம், அல்லா மேல் சத்தியம் செய்தார். அந்தம்மா முகத்தையே நான் பார்த்ததில்லீங்களே ராஜண்ணா, என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் ஆரோக்கியராஜுக்கு மனசு கேட்கவில்லை. பாயும் சமாதானத்துக்கு அடையாளமாகச் சூடான ஜிலேபி ஒன்றைத் தட்டில் வைத்தார். முறுகலானது. அதை வேண்டாம் என்று சொல்வது மரியாதையாகவும் இருக்காது.

ஜிலேபி உள்ளே இறங்கியதும் தைரியம் வந்தது. நம்பிக்கையும் வந்தது.

"பாய், உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். அவளுக்குப் பயப்படுதவன் நான் இல்ல. பிரியாணி ஆக்கப் போறது நம்ம சென்னிமலைதான். ஆளைச் சரிக்கட்டிட்டேன். பந்தியில நல்ல பிள்ளையா உக்காந்து அவ குடுக்கதைக் குடிப்பேன். கை கழுவப் போற மாதிரி அடுப்படிப் பக்கம் போவேன். தென்னை மரத்துக்குப் பின்னாடி எனக்குன்னு ஒரு பிளேட், ரெண்டு நல்லி எலும்போட."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"அவ பெரிய சிஐடி. அவளுக்கு அவ்வளவு மூளை இருந்தா என்னையக் கட்டியிருப்பாளா?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஆரோக்கியராஜும் சிரித்துக்கொண்டே கையை ஊன்றி எழுந்தார். தொப்பை மேலே ஏறியது. இடுப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடியே செட்டு உயிர் பெற்றுப் பேசியது.

"ஸ்டோர், செக்கிங்ல இருந்து பேசுதேன். எந்திரிச்சிட்டீங்களா?"

நதியா. ஆரோக்கியராஜின் விரல் தானாகப் பேசுகிற பட்டனைத் தேடி அமுக்கியது. "எந்திரிச்சிட்டேன்" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

"நல்லது. நீங்க உக்காந்தா உங்க தொப்பை பட்டனை அமுக்கிருது. நீங்க பேசுதது ஒரு கிலோமீட்டர் வரைக்கும் மத்த ஏழு செட்லயும் கேக்கும். பட்டன் அமுங்கி இருக்க வரைக்கும் எங்க சத்தம் உங்களுக்குக் கேக்காது. மூணு வாரமா நாலு மணி டீக்கு மொத்தக் கம்பெனியும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. யாரும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நாந்தான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி வச்சேன்."

ஆரோக்கியராஜ் குறுக்கே பாய்ந்தார். பட்டனை அமுக்கி, அது வந்து, பாய் வற்புறுத்தினதால என்று பதறினார். சினிமாவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செட்டில் சண்டை போடுவார்கள், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். இங்கே அவள் பட்டனை விடுகிற வழியாக இல்லை. இவர் பேசியது கியாசுதீன் பாய்க்கு மட்டும்தான் கேட்டது. விரலை எடுத்தபோது அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

"...எங்க அப்பாவோட செருப்பு ஒத்தையா வாசல்ல கிடந்ததை நான் பாத்திருக்கேன். உங்க செருப்பு ஜோடியாத்தான் கிடக்கணும். அதுக்கு நான் சிஐடி வேலையும் பாப்பேன், போலீஸ் வேலையும் பாப்பேன்."

ஆரோக்கியராஜ் காலில் கிடந்த இரண்டு செருப்பையும் குனிந்து பார்த்தார். அதற்குள் கேன்டீனிலிருந்து சென்னிமலையின் குரல் வந்தது. தென்னை மரத்துப் பிளேட்டு இல்லீங்ணா, மன்னிச்சுக்கோங்க என்றது. பேக்கிங்கிலிருந்து அந்தோணிராஜ், கம்பங்கூழுக்கு மோர் மிளகாய் போதுமா, வெங்காயமும் வேணுமா என்று பொறுப்பாக விசாரித்தான்.

மாடியில் செக்கிங் பெண்கள் சிரிப்பது தெருவுக்கே கேட்டது. இனி இந்தச் சனியனைப் பாக்கெட்டில்தான் போடுவது என்று முடிவு செய்து, அவர் செட்டைப் பெல்ட்டிலிருந்து கழற்றப் போனார். நதியா அதையும் அங்கிருந்தே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"கழட்டாதீங்க. ஞாயித்துக்கிழமையும் அதே இடத்துல மாட்டிக்கிட்டே பந்தியில உக்காருங்க. நான் பொம்பளைங்க பந்தியில பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன், நீங்க கூழு குடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும். ஓவர் அண்ட் அவுட்."