கையை மடியில வைங்க, டீச்சர்

புதிதாகச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியையைப் போல ஆபத்தான ஜந்து உலகத்தில் கிடையாது. நானே அப்படி ஒன்றாகத் திரிந்தவள், அதனால் தைரியமாகச் சொல்வேன். பள்ளிக்கூடம் வேண்டாமென்று அனுப்பிவிட்ட சிறப்புக் குழந்தைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. (சான்றிதழை லேமினேட் செய்து கைப்பையிலேயே வைத்திருந்தேன். யாரும் கேட்டதில்லை, நானாகக் காட்டுவேன்.)

நான்சிக்கு அப்போது ஒன்பது வயது. காசிமேட்டில் ஒற்றை அறை வீடு. அம்மா எஸ்தர் அக்காவுக்கு இறால் உரிக்கும் வேலை. இரண்டு பள்ளிகள் நான்சிக்கு டி.சி. கொடுத்துவிட்டன. கேள்வி கேட்டால் அவளுடைய வலது கை எழும்பிக் காற்றில் என்னவோ எழுதும், பக்கத்துப் பிள்ளையின் மூக்கில் இடிக்கும், அப்புறம்தான் பதில் வரும். மற்ற பிள்ளைகள் படிப்பு கெடுகிறதாம்.

"அது யோசிக்கசொல்ல அப்டித்தான் டீச்சர், காத்துல எழுதிப் பாக்கும்" என்று எஸ்தர் அக்கா முதல் நாளே சொன்னார். சான்றிதழ் வாங்கியது நானா அவரா? காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ராயபுரத்தில் ஒரு தலைமையாசிரியை, பிள்ளையை நேரில் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மூன்று மாதம் இருந்தது. கையை மடியில் வைத்தால் கடலை மிட்டாய், எடுத்தால் கிடையாது. இதுதான் என் பாடத்திட்டம். மூன்றாம் மாதம் நான்சி போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள். பேச்சும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. 'நல்ல அடக்கம் வந்துவிட்டது' என்று நோட்டில் எழுதினேன். கழுதை. (என்னைத்தான் சொல்கிறேன்.)

அந்த நாளும் வந்தது. எஸ்தர் அக்கா வேலைக்கு லீவு போட்டு, மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார். தலைமையாசிரியை நல்ல மனுஷி. பெயர் என்ன, வீடு எங்கே, எட்டும் ஏழும் எவ்வளவு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான்சியின் கை மடியை விட்டு ஓர் அங்குலம் எழும்பியது. நான் முறைத்தேன். கை திரும்பிப் போனது, பதிலும் கூடவே போனது.

எனக்கு வியர்த்துவிட்டது. நானே காற்றில் 'நா' எழுதிக் காட்டினேன். வீட்டுக்கு இரண்டு கையாலும் கூரை போட்டேன். எட்டு விரலை நீட்டிய வேகத்தில் மேசை மேலிருந்த பேனா ஸ்டாண்டு பறந்து போய்ச் சுவரில் மோதியது.

"டீச்சர், முதல்ல நீங்க கையை மடியில வைங்க" என்றார் தலைமையாசிரியை.

வைத்தேன். நான்சி என் கையை உற்றுப் பார்த்தாள். என் பையைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் வாயில் வைத்தாள்.

தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் எஸ்தர் அக்காவிடம், பதில் ஒன்றும் வரவில்லையே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவள் தப்பு இல்லை, என் தப்பு என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய மிட்டாய் இருந்தது என்று இன்றுவரை சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நான்சியின் கை மெல்ல எழும்பிக் காற்றில் எழுதியது. "நான்சி. காசிமேடு. பதினஞ்சு" என்றாள், கேட்ட வரிசையிலேயே.

"எல்லாம் தெரிஞ்சிதான கீது. அங்க இன்னாத்துக்கு சொல்லல, டீச்சர்?" என்றார் எஸ்தர் அக்கா.

"நான்தான்க்கா கையைக் கட்டிப்போட்டுட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழியெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் அதே அறையில், அதே மேசைக்கு முன்னால், கையை இஷ்டத்துக்கு வீசி நான்சி இடம் வாங்கிவிட்டாள். ஆனால் நடுவில் போன ஒரு வருஷம் போனதுதான். அவள் வயசுப் பிள்ளைகள் புத்தகப் பையோடு போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். நான் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தால் போதும், "டீச்சர், கைய மடில வை" என்று வீடே கத்தும். வைத்ததும் நான்சி கடலை மிட்டாய் கொண்டுவந்து நீட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஆனால் வாசலில் என்னைக் கண்டதும், இன்றைக்கும், அவள் கை முதலில் மடிக்குத்தான் போகிறது.