பச்சை ரிப்பன் ரிமோட் கவர்ந்த படலம்

வாழ்க ஹரிணி! மாரமங்கலத்து முத்தாயி பெற்ற மாணிக்கம், பதினோராம் வகுப்பின் பெண்சிங்கம், இரட்டைச் சடையை மடித்துக் கட்டிய இளவீராங்கனை, ஏற்றமும் இறக்கமும் நடந்து நடந்தே கெண்டைக்கால் கருங்காலிக் கட்டையான நடையரசி, வாழ்க, வாழ்க! குகைக்குள் குனிந்து வருவோரின் குறைகேட்கும் சேர்வராயன் சாமியே, உடனுறை காவேரியம்மையே! குளிர்மலையின் மீது குளிர்ப்பெட்டி ஒன்றோடும், அதன் ரிமோட்டோடும், அந்த ரிமோட்டைப் பெற்ற பிள்ளையாய்க் காத்து நின்ற சூப்பிரண்டெண்ட் பாலசுப்பிரமணியத்தோடும் அவள் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்த இந்த நாவுக்கு நல்ல வார்த்தை கொடுங்கள். நடுவே கெட்ட வார்த்தை வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், கதை அப்படிப்பட்ட கதை.

போர் எழுந்த காரணத்தை முதலில் கேளுங்கள். அரசு ஒருநாள் விழித்தெழுந்தது. எழுந்து, ஊரைத் திருத்துமுன் என் வீட்டைத் திருத்துவேன், என் அலுவலகங்கள் கக்கும் கரியையும் புகையையும் நானே குறைப்பேன், இளைய தலைமுறையை இந்தப் பணியில் கைகோத்து அழைத்துச் செல்வேன் என்று முரசறைந்தது. அருமையான வாக்கு, யார் குறை சொன்னார்கள்? அந்த முரசின் ஓசை மலையேறி வந்து, ஏற்காட்டு ஏரிக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில், தன்பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய கிளை அலுவலகத்தின் கதவைத் தட்டியபோதுதான் வினை பிறந்தது. "எல்லா அலுவலகங்களும் ஏ.சி.யை இருபத்து நான்கு டிகிரியில் வைத்து, மிச்சமான மின்சாரத்தைத் தெரிவிக்கவும்" என்பது ஆணை. குரங்குக் குல்லா இல்லாமல் ஆண்மக்கள் கொல்லைக்குக்கூடப் போகாத ஊரில், மின்விசிறி என்பது கல்யாணச் சீராக வந்து பரணேறிவிடும் ஊரில், ஏ.சி.க்கு எங்கே போவது? "இங்கே ஏ.சி. இல்லை" என்று பாலசுப்பிரமணியம் உள்ளதை உள்ளபடி பதில் எழுதினார். "இல்லை என்னும் பதில் ஏற்பதற்கில்லை, குறைத்தது எவ்வளவு?" என்று மேலிடம் திருப்பிக் கேட்டது.

இல்லாததை எப்படிக் குறைப்பது? முப்பதாண்டு ஃபைல்களுக்கிடையே மூப்பெய்திய அந்த மதிவாணர் சோறு தண்ணி இறங்காமல் யோசித்தார். யோசித்து, குறைக்க வேண்டுமானால் முதலில் கூட்ட வேண்டும் என்னும் மெய்ஞ்ஞானம் கண்டார். சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளெல்லாம் சுற்றிச் சுற்றி, வெண்ணிறப் பேருடலோடு ஒரு ஏ.சி. ஜீப்பேறி வந்து சேர்ந்தது. மூளை என்று ஒன்று இருந்து அதுவும் கெட்டுப்போனால்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

வந்த இடத்தில் இன்னொரு வம்பு. இருபத்து நான்கில் வைத்தால் அது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. மலையே அதைவிடக் குளிர்ந்து கிடக்க, அது யாரைக் குளிர்விக்கும்? ஓடாத எந்திரத்தை எவனாவது மெச்சுவானா? ஆகவே பதினாறில் வைத்து முழங்க விட்டு, மேலதிகாரி வரும் நாளில் அவர் திருக்கரத்தாலேயே இருபத்து நான்குக்கு ஏற்றச் செய்து, கூட்டம் கைதட்ட, அதையே மின்சாரக் குறைப்புத் தொடக்க விழாவாக நடத்திவிடுவது என்று முடிவாயிற்று. ரிமோட்டுக்குப் பச்சை ரிப்பன் கட்டி, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, நாலு சாமந்திப் பூவும் தூவினார்கள். குங்குமம் வைக்காததுதான் பாக்கி.

அரசின் அந்த ஆணைக்கு இன்னொரு கையும் இருந்தது. அது நீண்டு போய் மாரமங்கலத்து மாலை பஸ்ஸின் கழுத்தைப் பிடித்தது. ஊர்வரை ஏறி டீசல் குடிப்பது வீண் என்று, பாதி வழியில் பிரிவு ரோட்டிலேயே பஸ் திரும்பிப் போகத் தொடங்கியது. அங்கிருந்து ஊர்ப் பிள்ளைகள் இருட்டோடு இருட்டாக நடந்தார்கள். போன வாரம் காட்டுமாடு ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, ஹரிணியும் அவள் தோழி வெண்ணிலாவும் காப்பிச் செடிக்குள் மூச்சடக்கிக் கிடந்து, அது போன பிறகு அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள். வெண்ணிலா மறுநாளோடு பள்ளிக்கூடத்தை விட்டாள்.

முத்தாயி மகளை உட்காரவைத்துச் சொன்னாள். "படிப்பு நொம்ப முக்கியந்தான் கண்ணு, நா இல்லீங்கல. உசுரு அத உட முக்கியமில்ல? பஸ்ஸு ஊரு வரைக்கும் வந்தா நீ பாட்டுக்குப் போ. வரலீன்னா இந்த வாரத்தோட நிறுத்திக்க. எங்கூட மொளகு பறிக்க வந்துரு." அவள் கோபமாகச் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். பெற்ற வயிறு, வேறென்ன சொல்லும்?

அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் மேலதிகாரி வரும் நாள். இளைஞர் பங்கேற்பு என்று ஆணையில் ஒரு வரி இருந்தபடியால், பள்ளியிலிருந்து ஒரு மாணவியை 'இளம் பசுமைத் தூதர்' ஆக்கி, அவள் தன் கோரிக்கையை அதிகாரியின் முன்னால் இரண்டு நிமிடம் சொல்லலாம் என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஈவ்லின் டீச்சர் ஹரிணியைத் தேர்ந்தெடுத்தார். அம்மா கொடுத்த கெடுவும் அரசு கொடுத்த இரண்டு நிமிடமும் ஒரே நாளில் வந்து நின்றதைக் கண்டு, சேர்வராயன் சாமி வழி காட்டிவிட்டார் என்றே அந்தப் பேதை நம்பினாள். பஸ், பஸ், பஸ் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

விடிந்தது வெள்ளி. வந்தது படை. ஒரே ஒரு அதிகாரியைச் சுமந்துகொண்டு ஐந்து வண்டிகள் புகைகக்கி ஏறி வந்தன. முதலாவதில் அவர், இரண்டாவதில் அவர் உதவியாளர், மூன்றாவதில் அந்த உதவியாளரின் உதவியாளர், நான்காவதில் மரக்கன்று, ஐந்தாவதில் யாருமில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று வந்தது. ஐந்தும் வாசலில் எஞ்சினை அணைக்காமலே நின்று உறுமின. கரிவளிக் குறைப்புக் காவலர் இறங்கினார், பராக்! கழுத்தைச் சுற்றி மஃப்ளர், உள்ளே ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு. விழாவுக்கு அழைத்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கோ பச்சைப் பனியன் போட்டோவில் தெரிய வேண்டும் என்று ஸ்வெட்டர்களைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். பல் கிடுகிடுக்க பெஞ்சுகளில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்து ஈவ்லின் டீச்சர் நெஞ்சு பதைத்து, "கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி, போட்டோ எடுத்ததும் போட்டுக்கலாம்" என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். சுவரின் உச்சியிலிருந்து பதினாறு டிகிரி ஊளையிட்டது.

பேருரைகள் முடிந்து ஹரிணியின் முறை வந்தது. எழுந்தாள் எங்கள் தலைவி! மைக்கை நோக்கி நடந்தாள். அந்தோ, மைக்கைக் காணோம்! மின்சாரச் சிக்கனத்தை முன்னிட்டு, அதிகாரிகள் பேசி முடித்ததும் மைக்கைக் கழற்றி உறையில் போட்டுவிட்டார்கள். சரி போகட்டும், மலையில் மாட்டை அழைத்துப் பழகிய தொண்டைதானே என்று வாய் திறந்தாள். ஏ.சி. அவள் சொல்லை அப்படியே விழுங்கியது. பெட்டியின் காற்று நேராக மேடையில் அடிக்க, வாசலில் ஐந்து எஞ்சின்கள் பக்கவாத்தியம் வாசிக்க, செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று அவள் முறையீடு. அதிகாரி உதடசைவைப் பார்த்துத் தலையாட்டி, "வெரி குட், வெரி குட்" என்று கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். ஹரிணி மறுபடி சொன்னாள். மறுபடியும் தட்டினார்கள்.

அப்போது உணர்ந்தாள் அவள், தன் பகைவன் யாரென்று. சினத்தால் சிவந்த இரு விழிகள் தாம்பாளத்தின்மேல் பாய்ந்தன. பூவின் நடுவே பள்ளிகொண்டிருந்தது ரிமோட். "ஏனுங்க ஐயா, அத ஒரு நிமிசம் அமத்துங்களேன், நா பேசறது கேக்க மாட்டீங்குது" என்று பணிவாகத்தான் கேட்டாள். போர்முறை தவறாத வீராங்கனை அல்லவா!

"ஆகாதுங்கம்மிணி!" என்று பாலசுப்பிரமணியம் இரு கைகளாலும் தாம்பாளத்தை அணைத்துக்கொண்டார். "ஐயாதான் முதல்ல தொடோணும். இதுக்கோசரந்தான் இத்தனை பேரும் வந்திருக்கறோம். டீச்சர், புள்ளைய ஒக்காரச் சொல்லுங்க!"

ஈவ்லின் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

மூண்டது போர்! ஒரு பக்கம், ஓய்வுபெற இன்னும் சில காலமே உள்ள மேசைமன்னர், ரப்பர் ஸ்டாம்ப் பிடித்துக் காய்த்த கையர். மறுபக்கம், பச்சைப் பனியன் பட்டத்தரசி. அவள் ரிப்பனின் ஒரு நுனியைப் பற்றினாள், அவர் மறுநுனியைப் பற்றினார். இழுத்தாள், இழுத்தார். சாமந்தி சிதறிற்று. தாம்பாளம் தரையில் விழுந்து கோயில் மணியாய்ப் பேரொலி எழுப்ப, பின்வரிசைப் பிள்ளைகள் குளிரை மறந்து, "விடாதே ஹரிணி!" என்று ஆர்ப்பரித்தனர். மேலதிகாரியின் உதவியாளர் தம் உதவியாளரை அழைக்க, அவர் யாரை அழைப்பதென்று தெரியாமல் விழிக்க, ரிப்பன் அறுந்தது! ரிமோட் ஹரிணியின் கையில்! அவள் அதைப் பெட்டியை நோக்கி நீட்டி அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இழுபறியில் மூடி திறந்து, இரண்டு பேட்டரியும் உருண்டோடி பெஞ்சுக்கடியில் ஒளிந்துகொண்டன. அரசாங்கத்தின் ஆயுதம் வேறெப்படி இருக்கும்?

தளர்ந்தாளா தையல்? தளரவில்லை. சுவரோரம் ஒரு வெள்ளை ஸ்விட்சைக் கண்டாள். பாய்ந்து சென்று, ஏ.சி.க்கு உயிரூட்டும் அந்த ஒற்றைக் குமிழைப் படீரென்று தட்டினாள். வெண்ணிறப் பேருடல் ஒருமுறை விம்மிற்று, நடுங்கிற்று, அடங்கிற்று. டிரைவர்களும் உள்ளே என்ன ரகளை என்று பார்க்க எஞ்சினை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அந்த அலுவலகத்தில் ஏ.சி. வந்தபிறகு முதன்முதலாகக் குருவிச் சத்தம் கேட்டது.

அந்த அமைதியில் ஹரிணி பேசினாள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோக, உள்ளதைப் பேசினாள். "ஐயா, எங்கூருக்குச் சாயங்கால பஸ்ஸு இப்பொ வர்றதில்லீங்க. பிரிவுல எறக்கி உட்டுட்டுத் திரும்பிப் போயிருதுங்க. இருட்டுல நடந்து போறோமுங்க. பஸ்ஸு வரலீன்னா எங்கம்மா என்னைப் படிக்க அனுப்பாதுங்க. நா படிக்கோணுங்க ஐயா." அவ்வளவுதான். ஒரு சொல்லும் தவறாமல் எல்லோர் காதிலும் விழுந்தது. பாலசுப்பிரமணியம்கூட அறுந்த ரிப்பனைக் கையில் சுற்றியபடி தலைகுனிந்தார், அவருக்கும் பேத்தி உண்டு.

மேலதிகாரி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. வென்றோம் என்றே எண்ணினாள் ஹரிணி. அவர் கை உயர்த்திப் பிரகடனம் செய்தார்:

"கேட்டீர்களா, அவையோரே! ஒரு சொட்டு டீசல் எரிக்காமல், அணு அளவும் புகை கக்காமல், இந்த மலைமகள் நாள்தோறும் நடந்தே வீடு சேர்கிறாள்! இதுவன்றோ இளைஞர் பங்கேற்பு!"

"ஐயா, காட்டுமாடு வருதுங்க ஐயா..."

"வனவிலங்குகளோடு இணக்கமாகவும் வாழ்கிறாள்! இந்த மகத்தான முன்மாதிரியை மற்ற மலைக்கிராமங்களுக்கும் விரிவாக்க உடனே பரிந்துரைப்பேன்!"

இடி முழங்கினாற்போல் கைதட்டல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதையாக, வாய் திறந்து கேட்ட பாவத்துக்கு இன்னும் எத்தனை ஊர்களின் பஸ் நின்றுபோகப் போகிறதோ என்று நினைத்து ஹரிணி உறைந்து நிற்க, அவள் தோளில் பச்சைச் சால்வை விழுந்தது. பெஞ்சுக்கடியில் தவழ்ந்து பேட்டரிகளைப் பிடித்து வந்தார்கள். ஸ்விட்சை மறுபடி போட்டார்கள். பதினாறில் ஊளையிட விட்டு, அதிகாரி இருபத்து நான்குக்கு ஏற்ற, கேமரா மின்ன, குறைப்பு விழா குறைவின்றி நிறைவேறியது. மரக்கன்றை நடவில்லை, நேரமில்லை என்று திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஐந்து வண்டிகளும், ஐந்தாவதில் இப்போதும் யாருமில்லாமல், சேலத்தை நோக்கி இறங்கின. தூ!

சால்வை போர்த்திய சண்டமாருதம், ஏ.சி. அடக்கிய ஏந்திழை, பிரிவு ரோட்டில் இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் தன்னந்தனியாக நடந்து, ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் நின்று நின்று, தன் ஊர் எல்லையை அடைந்தாள். முத்தாயி டார்ச்சோடு வழியிலேயே காத்திருந்தாள்.

"என்ன கண்ணு, பஸ்ஸு வருமா?"

ஹரிணி சால்வையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். முத்தாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை மகளின் தலையைச் சுற்றி முக்காடாகப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

திங்கட்கிழமை ஹரிணி பள்ளிக்கூடம் போகவில்லை.