வரிக்குதிரைக்குத் தெரியாத அச்சு இயந்திரம்

எடைக்கல்லுக்கு முத்திரை வைத்துக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் ஓர் அச்சு இயந்திரம் இருந்தது. இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இடுப்பு உயரத்துக்கு நடைவழியை அடைத்துக்கொண்டு, போகிற வருகிறவர் முழங்காலையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒருவர் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தார். எல்லோரும் வைத்திருக்கும் கணினி இயங்குதளத்தையே நாமும் வைத்திருப்பது அடிமைத்தனம் என்று அங்கே கண்டுபிடித்திருந்தார்கள். யாரும் வைத்திராத ஒன்றை வைத்துக்கொண்டால் அது விடுதலை. அப்படி ஒன்று இருந்தது, பெயர் வரிக்குதிரை. சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமை காலை கணினிகளைத் திறந்தால், எல்லாத் திரையிலும் வரிக்குதிரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். தற்காலிகம் மட்டும் போகவில்லை.

தற்காலிகம் என்பது அங்கே தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர். பன்னிரண்டு வருஷ வேலையில் அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்கு நிரந்தரமாகியிருந்தது. இப்போதுதான், கும்பிட்டுக் கும்பிட்டுக் கை தேய்ந்த பிறகு, அவளைப் பணியில் நிலைப்படுத்த மேலிடம் சம்மதித்திருந்தது. ஆணையை இங்கே அச்சடித்து, மாதம் முடிவதற்குள் அலுவலகத் தலைவரான சார் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சம்மதம் காலாவதி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் தன் தங்கையிடம் சொன்னார். நாத்தனாருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரிதான். இனி இது வேலைப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை.

ஆணையைத் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்கினாள். ‘அச்சு இயந்திரம் எதுவும் இல்லை’ என்றது வரிக்குதிரை.

சாரிடம் ஓடினாள். சார் வந்து திரையைப் படித்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் படித்தார்.

“இல்லைன்னு போட்டிருக்கேம்மா.”

“இதோ நிக்குது சார்.”

“நிக்கலாம். ஆனா இருக்குன்னு எழுத்துல எங்க இருக்கு?”

அரசாங்கச் சொத்து ஒன்று காணாமல் போயிருப்பதாக அன்றே குறிப்பு எழுதப்பட்டது. இரவுக் காவலை ஒழுங்காகப் பார்த்தாயா என்று காவலாளியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவருக்கு மேசை கிடையாது. அதனால் அச்சு இயந்திரத்தின் மேலேயே தாளை வைத்து, அதைத் தாம் எடுக்கவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். சார் அதைத் திருப்தியுடன் ஏற்றுக்கொண்டார்.

இதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. வரிக்குதிரையைக் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக்கைத் தற்காலிகம் தன் சொந்தக் கைப்பேசியில் கெஞ்சி வரவழைத்தாள். அவர் நின்றபடியே கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது புது மாடல்க்கா. வரிக்குதிரைக்கு இதோட அண்ணனைத் தெரியும், தாத்தாவைத் தெரியும். இதைத் தெரியாது.”

“அதுக்கு என்ன செய்யிறது?”

“பொய்தான் சொல்லணும். இதுதான் அண்ணன்னு சொல்லிடுவோம். என்ன, அண்ணனுக்குக் கலர் வராது. அதனால இதுக்கும் வராது.”

சொன்னார். வரிக்குதிரை நம்பியது. செத்துப்போனதாக நினைத்த இயந்திரம் சிலிர்த்துக்கொண்டு தாளைத் துப்பியது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் தாள் வெறுமையாக இருந்தது. காரணம், வரிக்குதிரை ஊழியர் பட்டியலில் இருக்கும் பெயருக்கு மட்டும்தான் நிரந்தர ஆணை அடிக்கும். தற்காலிகம் என்ற இனமே அந்தப் பட்டியலில் கிடையாது. அதில் அவள் நாற்காலிக்கு எதிரே இருந்தது, முன்பு அங்கே வேலை பார்த்து, என்றோ அதை விட்டுவிட்டு மகனோடு வெளிநாடு போன ஓர் அம்மாவின் பெயர். பட்டியலிலிருந்து பெயர் நீக்குவதற்கென்று ஒரு பணியிடம் உண்டு. அது காலி.

சார் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் இயந்திரத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது.

“அதே நாற்காலி, அதே வேலை. நீங்கதான் அந்த அம்மான்னு சொல்லிடுவோம்மா,” என்றார் சார்.

அவள் யோசித்தாள். பெயரில் என்ன இருக்கிறது, பேர் வைத்தவர்கள் யாரும் இதுவரை சோறு வைக்கவில்லையே என்று தோன்றியது. தலையாட்டினாள். ஆணை வந்தது, கருப்பு வெள்ளையில். அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டு வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனாள், அது சுற்றுவழியாக இருந்தாலும்.

மறுநாள், மாதக் கடைசி வெள்ளி. அவள் எதையும் அமுக்காமலேயே இயந்திரம் இரண்டு தாள்களைத் தள்ளியது. அந்த அம்மாவுக்கு அன்றோடு அறுபது வயது முடிகிறது, மாலையில் பணி ஓய்வு என்றது முதல் தாள். அண்ணன் மாடல் ஆயுள் முடிந்து கழிவுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, மாலையில் அப்புறப்படுத்தவும் என்றது இரண்டாவது.

“சார், எனக்கு இன்னும் ஐம்பதே ஆகலை.”

“உங்களுக்கு ஆகலைம்மா. யார் இல்லைன்னு சொல்றா?” என்றார் சார் மிகுந்த அனுதாபத்துடன்.

விடைபெறும் கூட்டம் சிறப்பாக நடந்தது. பிஸ்கட் வைத்தார்கள். அவளுடைய முப்பத்தைந்து ஆண்டு அப்பழுக்கில்லாத சேவையைச் சார் புகழ்ந்தபோது, தான் பார்க்காத அந்த வேலைக்கு அவளும் சேர்ந்து கைதட்டினாள். கூட்டம் கலைந்ததும் சார் அவளைத் தனியே அழைத்தார். நாற்காலி காலியாகிவிட்டதாம். திங்கட்கிழமை முதல் தற்காலிகமாக ஒருவர் வேண்டுமாம்.

“யார் பேர்ல சார் வரட்டும்?”

“உங்க பேர்லதான். தற்காலிகத்துக்கு யாரும்மா பட்டியல் பாக்கறா?”

அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். “நீங்க மட்டும் எப்படி சார் பட்டியல்ல இருக்கீங்க?”

சார் நடைவழியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முன்னாடி இருந்தவர் பேர்ல. அவர் என்னைவிட மூணு வயசு சின்னவர்.”

திங்கட்கிழமை அவள் வந்தபோது அச்சு இயந்திரம் நடைவழியிலேயே நின்றது. காவலாளிக்கு வந்த உத்தரவு அண்ணனை அப்புறப்படுத்தச் சொன்னது; அப்படி எதுவும் அங்கே இல்லாததால் அவர் தேடிவிட்டு விட்டுவிட்டார். ‘இயந்திரம் எதுவும் இல்லை’ என்றது வரிக்குதிரை. தாத்தா இருக்கிறார் என்று அவளே சொன்னாள். நம்பியது. தாத்தா மெதுவாக முனகி முனகி அவளுடைய தற்காலிக நியமன ஆணையை அடித்துக் கொடுத்தார்.

சார் அதில் கையெழுத்துப் போட்டார். யாருடைய கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை.