சம்பந்தியும் சிந்தெடிக் ஆயிலும்

எனக்குத் தமிழும் ஹிந்தியும் ஒரே அளவில் தெரியும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. மூன்று லிட்டர் கொள்ளும் இன்ஜினில் நாலரை லிட்டர் ஆயிலை ஊற்ற வைத்தவள் அப்படியெல்லாம் பேசக் கூடாது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். (முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியவந்தால் இன்னும் அசிங்கம்.) பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில். எதற்கும் பட்டியல் போடுவேன். ஊருக்குப் போனால் பெட்டிக்குள் ஒரு பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலை எடுத்து வைக்க வேண்டும் என்று கைபேசியில் இன்னொரு பட்டியல் இருக்கும்.

அந்த ஜனவரியில் நான் போட்டது, வாழ்க்கையிலேயே முக்கியமான பட்டியல். கார்த்திக்கும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருந்தோம். எங்கள் வீட்டில் சரி என்றாகிவிட்டது. அவன் வீட்டில் அப்பா சரி. அம்மா மட்டும் தேனியிலிருந்து போனில், "டெல்லியிலயே பொறந்து வளந்த புள்ள. நம்ம பேசுறது அதுக்கு வெளங்குமாடா? நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். ஆக, எல்லாம் அந்த 'நேர்ல'யில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அப்பாவும் அம்மாவும் ரயிலில் வந்தார்கள். கார்த்திக் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்ததால், நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து நானே ஓட்டி அழைத்து வருவதாக ஏற்பாடு. கார்த்திக்கின் அப்பா, அரசுப் பஸ் டெப்போவில் முப்பது வருஷம் இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் வண்டிச் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவரை எடைபோடுவார் என்று கார்த்திக் எச்சரித்திருந்தான். எங்கள் காருக்குப் பன்னிரண்டு வயது. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தால் மூக்கடைத்தவர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு நிமிடம் செருமும்.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து ஊற்றி வந்த கெட்டி ஆயில், குளிரில் தேன்போல உறைந்து நிற்கிறது. மெல்லிய சிந்தெடிக் ஆயில் போட்டால் சாவியைத் திருப்பியதும் ஓடிவிடும். வண்டியோடு வந்த கையேட்டில்கூட அனுமதி இருந்தது. மூன்றரை லிட்டர் டின் ஒன்று வாங்கினேன். கூடவே 'அவசரத்துக்கு' என்று பட்டியலில் எழுதி, ஒரு லிட்டர் டின்னும் வாங்கினேன். அந்த அவசரம் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அவர்கள் வர வேண்டிய நாளில் மூடுபனி. ரயில் ஆறு மணி நேரம் தாமதம் என்று செய்தி வந்தது. மற்றவர்களாக இருந்தால் தூங்கியிருப்பார்கள். நானோ, ஆயில் மாற்ற ஆறு மணி நேரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

மார்க்கெட் பக்கத்து வேப்பமரத்தடியில் வண்டி ரிப்பேர் பார்க்கும் இர்ஷாத் பையாவிடம் காரை விட்டேன். அதற்குள் ஆபீஸிலிருந்து மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். காவலுக்கு சேகர் மாமாவை நிறுத்தினேன். சேகர் மாமா அம்மாவின் தம்பி, நிச்சயதார்த்தப் பேச்சுக்காக மதுரையிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளில் மூன்று ஹிந்திச் சொற்கள் கற்றிருந்தார்: அச்சா, ஔர், டாலோ. (சரி, இன்னும், போடு. மூன்றும் ஜிலேபிக் கடையில் கற்றவை.)

மீட்டிங்கின் நடுவே மாமா போன் செய்தார்.

"பாப்பா, இவன் ஆயில் அளக்குற கம்பிய உருவிப் பாத்தான். ஆயில வெரல்ல தொட்டுத் தேய்ச்சுப் பாத்தான். பத்தலங்கிறான்."

"பத்தலயா? மூணு லிட்டர் ஊத்தியாச்சா மாமா?"

"ஊத்தியாச்சு. டின்னுல கொஞ்சந்தான் மிச்சம். ஆனா தலைய ஆட்டி ஆட்டிச் சொல்றான். ஒருதரம் இல்ல பாப்பா, நாலுதரம் சொல்லிட்டான்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி, "கம்பியில் அளவு எங்கே நிற்கிறது?" என்று கேட்டிருப்பாள். நான் இன்ஜினியர் என்பதால் கேட்கவில்லை. விளக்கம் கண்டுபிடித்தேன். ஃபில்டர் புதுசு, அது கொஞ்சம் குடித்திருக்கும். ஆயில் மெல்லியது, பழைய ஆயில் எட்டிப் பார்க்காத மூலைக்கெல்லாம் போயிருக்கும். ஆகவே பத்தாமல் போவது இயற்கைதான்.

"அப்ப மிச்சத்தையும் ஊத்தச் சொல்லுங்க மாமா. அப்பவும் பத்தலன்னா சின்ன டின் பின்சீட்ல இருக்கு."

அப்பவும் பத்தவில்லையாம். மாமா 'ஔர் டாலோ' என்று தன் மொத்த ஹிந்தியில் மூன்றில் இரண்டு பங்கைச் செலவழித்து வேலையை முடித்துவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது வண்டி செருமவே இல்லை. பெருமையாக இருந்தது. பின்கண்ணாடியில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "இந்த வருஷம் மூடுபனி ஜாஸ்தி மாமா" என்றேன். "ஆமா பாப்பா, முன்னாடி அவ்வளவா இல்ல, பின்னாடிதான் ஜாஸ்தியா இருக்கு" என்றார் மாமா. இருவருமே அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஸ்டேஷனில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அத்தை (அப்போதே அப்படிக் கூப்பிட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்) என் கன்னத்தைத் தொட்டு, "பயணமெல்லாம் ஒரே கூதலுத்தா" என்றார். 'கூதல்' என்றால் குளிர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. "ஸ்வெட்டர் கொண்டு வந்திருக்கேன் அத்தை" என்று நீட்டினேன். பரீட்சையில் முதல் கேள்வி பாஸ். மாமனார் மட்டும் காரில் ஏறுமுன் மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். சளி என்று நினைத்துக்கொண்டேன்.

ரிங் ரோடில் ஒரு சிக்னலில் நின்றோம். நாங்கள் நின்றோம், பின்னால் வந்த புகை நிற்கவில்லை. எங்களைத் தாண்டி முன்னே போய், டிராஃபிக் போலீஸ்காரரைச் சூழ்ந்துகொண்டது. அவர் இருமிக்கொண்டே அதிலிருந்து வெளிப்பட்டு, என் கண்ணாடியைத் தட்டினார்.

"மேடம், யே காடி ஹை யா தந்தூர்?"

"என்னத்தா கேக்குறாரு?" என்றார் அத்தை.

"இது காரா, ரொட்டி சுடுற அடுப்பான்னு கேக்குறாரு அத்தை."

நான் நிதானம் இழக்காதவள் என்று பேர் வாங்கியவள். ஃபைலைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த புகைப் பரிசோதனைச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். புகையைப் பார்த்தார். மறுபடி படித்தார். சான்றிதழ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் காருடையதாக இருக்க முடியாது என்றார். ஓரங்கட்டச் சொன்னார்.

மாமனார் இறங்கிப் பின்பக்கம் போய் நின்றார். ஊரிலிருந்து வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எம்புட்டு ஊத்துனீக?"

"நாலரை" என்றேன்.

"கூடுன ஆயிலுதான் எரிஞ்சு பொகையா வருது" என்றார். டெப்போவில் இறந்துபோன இன்ஜின்களையெல்லாம் நினைத்துக்கொண்டதுபோல் பானெட்டின் மேல் கையை வைத்தார்.

இர்ஷாத் பையாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். (அதுவும் என் தப்புதான்.) இவ்வளவு ஊற்றலாமா என்று ஹிந்தியில் கோபமாகக் கேட்டேன்.

"மேடம், மைனே தோ போலா தா! பத்லா ஹை, பஹுத் பத்லா ஹை! அங்கிள்ஜி போலே, ஔர் டாலோ!"

சேகர் மாமா துள்ளிக் குதித்தார். "பாத்தியா பாப்பா! நாலரை லிட்டர் ஊத்துன பொறவும் பத்தலங்கிறான் பாரு! என்ன மனுஷன் இவன்!"

அந்த நொடியில் என் காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. பத்லா என்றால் ஹிந்தியில் மெலிசு. 'ரொம்ப மெலிசு என்று நான் அப்போதே சொன்னேனே, அங்கிள்தான் இன்னும் ஊற்று என்றார்' என்கிறார் பையா. வழக்கமான ஆயிலைவிடத் தண்ணியாக இருக்கிறதே, பழைய வண்டிக்கு ஆகுமா என்றுதான் அந்த மனுஷர் விரலில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு ஹிந்தி தெரியாது, பையாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். என் வழியாகத்தான் அந்தச் சொல் போனது. நான் அதற்குச் சல்யூட் அடித்து அனுப்பிவைத்திருந்தேன்.

"அவன் என்னத்தா சொல்றான்?" என்றார் அத்தை.

எந்தப் பரீட்சைக்காக அவர் இரண்டு ராத்திரி பயணம் செய்து வந்தாரோ, அதன் விடைத்தாளை நானே வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தேன். ரோட்டோரத்தில், போலீஸ்காரர் சாட்சியாக, இரண்டு 'பத்தல'களுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். அத்தை முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கல்யாணம் போயிற்று என்று முடிவு செய்தேன்.

வண்டியை இனி ஓட்டினால் இன்ஜின் போய்விடும் என்று மாமனார் சொல்லிவிட்டார். இர்ஷாத் பையா ஸ்கூட்டரில் ஆயில் பிடிக்கும் தட்டும் ஸ்பேனருமாக வந்து சேர்ந்தார். மாமனார் அவர் முன்னால் கட்டைவிரலை மேலே காட்டி, பிறகு கீழே காட்டினார். அளவு மேலே போய்விட்டது, கீழே இறக்கு என்று அர்த்தம். பையா தலையாட்டினார். அவ்வளவுதான், இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. (இதையும் நான் அவமானங்களில் சேர்த்துக்கொண்டேன்.) அவர்களுக்குத் துணையாக சேகர் மாமாவை, ஒரு சொல்லும் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டு, அத்தையை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆட்டோவில் அத்தை ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தார். பத்து நிமிடம் கழித்துத் தேனியிலிருந்து அவர் தங்கை போன் செய்தார். நான் வெளியே பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆமாண்டி, பாத்துட்டேன். தமிழெல்லாம் நல்லாத்தான் வெளங்குது..." என்றவரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "கொஞ்சம் ஜாஸ்தியாவே வெளங்குது! ஹிந்திக்காரன் ஹிந்தி பேசுனாக்கூட அதுக்குத் தமிழாத்தாண்டி கேக்குது!"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு போனை வைத்துவிட்டு, "நிச்சயத்த எப்ப வச்சுக்கலாம்னு ஒங்கம்மாகிட்ட இன்னைக்கே பேசிருவோமா?" என்றார்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. இன்ஜினும் பிழைத்துக்கொண்டது. குளிருக்கு அத்தை டெல்லி வரமாட்டார், கோடையில் வந்து ஒரு மாதம் எங்களோடு இருப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஹிந்திச் சொல் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் நான் சாம்பார் வைத்தேன். அத்தை கரண்டியால் ஒருமுறை துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

"பத்தல."

நான் பாத்திரத்தைத் தொடாமல் நிதானமாகக் கேட்டேன்: "தமிழ்லயா அத்தை, ஹிந்தியிலயா?"

அத்தை இன்னொருமுறை துழாவிப் பார்த்தார்.

"ரெண்டுலயுந்தான்."