இரண்டு பெட்டி நிறைய டிராகன்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் நிலானிக்கு,

உன் மாமியார் புஷ்பவல்லி ஆசீர்வதித்து எழுதுவது. இறைவன் அருளால் இங்கு நான், இடது முழங்கால் நீங்கலாக, முழு நலம். செமினியில் நீயும் ஜீவனும் புது வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் தந்தையார் முத்துக்குமாரு அவர்களுக்கும் தாயாருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். கைத்தொலைபேசியில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ நடுவில் பதில் சொல்லிவிடுவாய். நான் முடிக்கும்வரை நீ பேசக்கூடாது என்பதற்காகவே கடிதம்.

வீடு மாறும்போது என் ஸ்டோர் ரூமில் விட்டுச் சென்ற உன் இரண்டு பெட்டி ஆங்கில நாவல்கள் நனைந்துவிட்டன. நேற்று அல்ல, போன டிசம்பரில். “அம்மா, அது நிலானியோட புக்கு, பத்திரம்” என்று ஜீவன் சொன்னபோது, “நான் என்ன கரையானா, புத்தகத்தைத் தின்ன?” என்று கேட்டவள் நான். அதனால்தான் ஒரு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியம் மழையும் கடல் பெருக்கும் ஒரே நேரத்தில் வந்து, எங்கள் லோரோங் சந்தில் லோங்காங் சாக்கடை நிரம்பி, அந்தத் தண்ணீர் வாசலேறி உள்ளே வந்துவிட்டது. நான் முதலில் அரிசி வாளியைத் தூக்கினேன், பிறகு உன் மாமா படத்தைத் தூக்கினேன், மூன்றாவதாக உன் பெட்டியை நினைத்தபோது அது ஏற்கனவே ஊறிப்போன ரொட்டி மாதிரி அடி விட்டுப்போச்சு. தண்ணி வடிஞ்சதும் எல்லாத்தையும் போர்ச்சில பரப்பி, பசை விட்டுப் பிரிஞ்ச தாளையெல்லாம் கொடியில கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டிப் பார்த்து, “ஆன்டி, புக்கையெல்லாம் துவைச்சீங்களா?” அப்படின்னா. “ஆமாம்மா, கறை இருந்துச்சு”ன்னேன். ஈரத்த உறிஞ்சட்டும்னு மத்த புத்தகத்துக்கு நடுவுல பழைய தமிழ்ப் பேப்பர் வெச்சேன். கைக்குக் கிடைச்சதெல்லாம் நான் எழுதின கண்ணீர் அஞ்சலிப் பக்கமாப் போச்சு. அதனால ரெண்டாவது பெட்டியில இருக்கிற ஒரு டிராகனோட முகத்துல யாரோ ஒரு பெரியவரோட மீசை பதிஞ்சிருக்கும். பயப்படாதே, நல்ல மனுசர்தான்.

காஞ்சதும் பக்க எண்ணைப் பார்த்து அடுக்கினேன். எண்ணை மட்டும் பார்த்தா போதாதோன்னு சந்தேகம் வந்து ஒரு பக்கம் படிச்சேன். நிலானி, அங்கதான் நான் விழுந்தேன். உனக்கே தெரியும், முப்பத்தொரு வருசமா பிரிக்ஃபீல்ட்ஸ்ல பழனியப்பன் அச்சகத்துல உட்கார்ந்து செத்தவங்களுக்குக் கவிதை எழுதறவ நான். எழுத்தாளர்னு என் பேருக்கு முன்னால நானே போட்டுக்குவேன். நீ சாப்பாட்டு மேசையில டிராகன் அட்டை போட்ட புத்தகத்த வெச்சிருந்தப்ப, “படிச்ச பொண்ணு, இதையா படிக்கறது?”ன்னு ஜீவன்கிட்டச் சொன்னதும் நான்தான். அந்த நான், கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறினதும் புத்தகத்த விரிச்சு, போன்ல அகராதியத் திறந்து வெச்சுக்கிட்டு, கே.எல். சென்ட்ரல்ல இறங்க மறந்து ரெண்டு தடவை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன்.

இந்த வருசம் பதினொண்ணு படிச்சேன். எல்லாத்துலயும் ரொம்பப் பிடிச்சது, ஒரு போர் ராணியோட கதை. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல அவளுக்கு நெஞ்சுல அம்பு பாயுது. நான் ரயில்லயே அழுதுட்டேன். பக்கத்தத் திருப்பினா, “இன்னும் கொஞ்சம் உப்புப் போடு” அப்படின்னு சொல்லி சூப்பைக் கிண்டறா. ஆகா, என்ன நெஞ்சுரம்னு நினைச்சேன். செத்த பிறகும் அடுப்படி விடல பாரு. அப்படியே ஒரு பக்கம் போர்க்களம், ஒரு பக்கம் சமையல்கட்டுன்னு போகுது. நம்ம பொம்பளைங்க வாழ்க்கையை இவ்வளவு சரியா யாரும் எழுதினதில்லன்னு அச்சகத்துல வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். அடுக்கினது போக அதே அளவுல ஒரு கட்டுத் தாள் மிச்சம் இருந்துச்சு, அது ரெண்டாம் பாகம்னு அதையும் படிச்சேன். அதுல ராணி உயிரோட இருந்தா. மாயாஜாலம்னா இதுதான்லான்னு விட்டுட்டேன். முதலாளி பழனியப்பன்தான் ஒரு நாள் தாளைக் கையில வாங்கித் தடவிப் பார்த்துட்டு, “அக்கா, இதுல ஒண்ணு வெள்ளைத் தாள், ஒண்ணு பழுப்பு. நீங்க ரெண்டு புத்தகத்தக் கலந்து படிச்சிருக்கீங்க”ன்னாரு. பிறகு பிரிச்சு ஒழுங்காப் படிச்சேன். தனித்தனியா சுமார்தான்.

அடுத்துப் பிடிச்சது ஒரு காவலாளி கதை. ஒரு கோட்டைக்கு ஏழு வாசல். ஏழாவதுல ஒருத்தன் நானூறு வருசமா நிக்கறான். ஆறாவதைத் தாண்டி யாரும் வந்ததேயில்ல. கடைசியில ஒரு கிழவன் தட்டுத் தடுமாறி வந்து சேரும்போது, அந்தக் காவலாளி ஈட்டியக் கீழ போட்டுட்டுத் தலைகுனியறான். அதுல “சொல்வதற்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது, கேட்கத்தான் யாரும் வரவில்லை”ன்னு ஒரு வரி வரும். நீ பென்சில்ல ரெண்டு கோடு போட்டிருக்கே. அதைப் பார்த்ததும் மேற்கொண்டு என்னால படிக்க முடியல. ரெண்டு வருசம் என் வீட்டுல இருந்தே. “சாப்பிட்டியா?” “சாப்பிட்டன் மாமி.” அதுக்கு மேல நாம என்ன பேசினோம்? பக்கத்து அறையில நீ இந்த வரியில கோடு போட்டுக்கிட்டு இருந்திருக்கே, நான் டிவி சத்தத்தக்கூடக் குறைக்கல.

அந்த வாரம்தான் டெங்கில் ஊர்ல இருந்து ஒரு அஞ்சலி வந்துச்சு. வேலாயுதம், வயசு அறுபத்தெட்டு, ஒரு போட்டோ, பிள்ளைங்க பேரு, அவ்வளவுதான். வழக்கமா ‘குலவிளக்கே, எங்கள் ஒளியே’ன்னு போட்டு அனுப்பிடுவேன். முப்பத்தொரு வருசத்துல எத்தனை குலவிளக்கை அணைச்சிருப்பேன்னு கணக்கில்ல. அன்னைக்குக் கை போகல. ‘ஏழாவது வாசலின் காவலன் தலைகுனிந்து உன்னை வரவேற்பான்’னு எழுதிட்டேன். பழனியப்பனும் பார்க்காம பேப்பருக்கு அனுப்பிட்டாரு.

மூணு நாள் கழிச்சு வேலாயுதத்தோட சம்சாரம் தாமரை, பேப்பரை வெட்டி எடுத்துக்கிட்டு அச்சகத்துக்கே வந்துட்டாங்க. பழனியப்பன் என்னைப் பார்த்து, “அக்கா, நீங்களே பேசுங்க”ன்னு மெஷினுக்குப் பின்னாடி போயிட்டாரு. அந்தம்மா கேட்டது இதுதான்:

“இந்த ஏழாவது வாசல் எந்தக் கோயில்ல இருக்கு? காரியம் முடிஞ்சதும் போயி அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை வைக்கணும்.”

ஏதாவது ஒரு ஊர் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். வேலை போனாலும் பரவாயில்லன்னு உள்ளதச் சொல்லிட்டேன். “கோயில் இல்லம்மா. என் மருமகளோட இங்கிலீஷ் கதைப்புத்தகத்துல வர்றது. மனசுல நின்னுடுச்சு, எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அந்தம்மா பேப்பர் துண்ட இன்னொரு தடவை படிச்சாங்க. அப்புறம், “அவர் வாசல்ல ஜாகா வேலை பார்த்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”னு கேட்டாங்க.

“தெரியாதும்மா.”

“ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு கொண்டோ அடுக்குமாடி. இருபத்தேழு வருசம் வாசல்ல நின்னு, கட்டையத் தூக்கிவிட்டு, போற வர்ற காடிக்கெல்லாம் சல்யூட் அடிச்சாரு. கண்ணாடிய இறக்கி ஒரு வார்த்தை சொன்னவங்க ரெண்டு பேரோ மூணு பேரோ.” பேப்பர் துண்ட மேசையில வெச்சு நீவிவிட்டாங்க. “கதையா இருந்தா இருக்கட்டும்லா. அங்க ஒருத்தன் அவருக்குத் தலைகுனியறானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

“குனியறான்மா. முந்நூத்தி எழுபதாம் பக்கத்துல.”

அந்தப் பக்கத்தக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது அவங்களுக்கு. எந்த வரின்னு கேட்டு விரல் வெச்சுப் பார்த்தாங்க. தாள் தனியாத்தான் இருந்துச்சு, குடுத்துட்டேன். பழனியப்பன் வெளிய வந்து தானே லேமினேட் போட்டுத் தந்தாரு. அது இப்போ டெங்கில்ல அவங்க வீட்டுச் சாமி மேடையில, முருகனுக்குப் பக்கத்துல இருக்காம். ஆகையால உன் புத்தகத்துல முந்நூத்தி அறுபத்தொன்பதும் எழுபதும் இருக்காது.

இதையெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத ஆரம்பிச்சேன். எழுத எழுத நன்றி சொல்லணும்னுதான் தோணுது. இப்பல்லாம் அஞ்சலிக்கு ஆள் வந்தா, செத்தவரு என்ன வேலை பார்த்தாரு, எதுக்குச் சிரிப்பாருன்னு முதல்ல கேட்கறேன். ஒருத்தரை உட்கார வெச்சுக் கேட்கறதுக்கு இந்த வயசுல நான் கத்துக்கிட்டேன்னா அது உன் பெட்டியால. உன் ரசனைய இளக்காரமாப் பேசினதுக்கு வெட்கப்படறேன். இவ்வளவு நல்ல புத்தகத்தத் தேடித் தேடி வாங்கின பொண்ணு என் மகனுக்குக் கிடைச்சது என் பாக்கியம்.

நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று, நோய் நொடியின்றி, ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ மாரியம்மனை வேண்டுகிறேன். உன் பெற்றோருக்கு மீண்டும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் நன்றியுள்ள மாமியார்,
எழுத்தாளர் புஷ்பவல்லி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜீவன் போன் செய்தான். மனசு தாங்காமல் வெள்ளத்தில் நனைந்ததை அவனிடம் சொல்லிவிட்டேன். “அம்மா, அது எதுவும் நிலானியோடது இல்ல, எல்லாம் என்னோடது. மேசையில இருந்ததும் என்னோடதுதான்”னு சொன்னான். நீ ஒன்றுகூடப் படித்ததில்லையாம், டிராகன் என்றாலே உனக்குக் கொட்டாவி வருமாம். பென்சில் கோடும் அவன் போட்டதுதானாம். ஏன்டா பொய் சொன்னே என்று கேட்டேன். ஃபார்ம் ஃபைவ் படிக்கும்போது, பரீட்சை நேரத்தில் இதென்ன குப்பை என்று அவனுடைய கதைப்புத்தகம் ஒன்றைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டேனாம். சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆகவே மேலே சொன்ன நன்றியெல்லாம் உனக்குரியது அல்ல. ஆனால் ஆறு பக்கம் எழுதிவிட்டேன், நீயே வைத்துக்கொள். பதிலுக்கு ஒரே ஓர் உதவி: அன்றைக்கு நான் தூக்கிப் போட்ட புத்தகத்தின் பெயர் என்னவென்று, நான் கேட்டதாகச் சொல்லாமல், அவனிடம் கேட்டுச் சொல்வாயா?