அசையக் கூடாத பீரங்கி

மதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு, பீரங்கியைத் திருப்புகிற கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. உங்கள் மகன் ஓட்டுகிற ராணுவ வண்டியில் ஏறப்போவது இதுதான் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் ரேடார், ரேடியோ என்று எது அலை வீசினாலும் பெட்டி மிரளக் கூடாது என்பது விதி. அதற்காகப் பெட்டியையும் குண்டு போடாத பீரங்கியையும் இரும்புக் கதவு போட்ட அறைக்குள் வைத்து, அலையை ஏற்றிக்கொண்டே போய், வெளியிலிருந்து கேமராவில் பார்ப்போம். முதல் நாளே பீரங்கி தானாகத் திரும்பிக் கேமராவை முறைத்தது. குண்டு இல்லை என்று தெரிந்தும் நான் மேஜைக்கடியில் போய்விட்டேன். மேலதிகாரி குனிந்து பார்த்து, "என்னய்யா, பேனா விழுந்துடுச்சா?" என்றார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு இல்லாத பேனாவைத் தேடினேன்.

அலை புகுகிற இடுக்கையெல்லாம் செப்பு நாடா ஒட்டி அடைப்பதுதான் வைத்தியம். ஒட்டப் போகும்போதெல்லாம் குழல் என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம். முதலில் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் நாடாவைத் தொடுவேன். ஒட்டி, பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து அலையை ஏற்றினால் பீரங்கி மறுபடி திரும்பும். மறுபடி ஒட்டுவேன். "இதுக்கு மேல ஒட்டினா பெட்டி செப்புக்குடம் ஆயிடும்யா!" என்று மேலதிகாரி கத்துகிறார். எனக்கோ கண்ணை மூடினால் அந்தக் குழல் நம்ம பையன் பக்கமாகவே திரும்புகிறது அத்தான், பயமாக இருக்கிறது, யாரிடம் சொல்ல?

இன்று காலை கர்னல் நேரில் பார்க்க வந்தார். கடைசி நாடாவை ஒட்டிவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். அலையை உச்சத்துக்கு ஏற்றினோம். பீரங்கி ஆடவில்லை, அசையவில்லை. கர்னல் கை கொடுத்தார். மேலதிகாரி என்னைக் கட்டிக்கொண்டார். இனி சான்றிதழில் என் கையெழுத்துதான் பாக்கி. பையன் நிம்மதியாக வண்டி ஓட்டுவான் என்று அக்காவிடம் சொல்லுங்கள். சின்னவளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் பயந்தாங்கொள்ளி மைத்துனன்

பி.கு.: கடித உறையை ஒட்டும் முன் வயரைக் கழற்ற உள்ளே போனேன். பெட்டி அணைந்தே கிடக்கிறது. காலையில் பயத்தில் அணைத்தவன் போடாமலே வந்திருக்கிறேன். பெட்டி ஓடுகிறதா என்று காட்டுகிற விளக்கின் மேலேயே நாடாவை ஒட்டியிருக்கிறேன். கர்னல் அடுத்த அறையில் டீ குடிக்கிறார். போய்ச் சொல்லப் போகிறேன். உறையை ஒட்டிவிட்டுத்தான். மேலே எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். உங்கள் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது?