ஒரு திருகாணிகூட மாற்றாதவர்

கார் வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. பார்த்தால் தெரியாது, பேசவிட்டால் தெரிந்துவிடும். "ஒரு திருகாணிகூட மாத்தலை சார், கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு" என்று நீங்கள் கேட்காமலே சொல்வார். நீங்கள் அவரிடம் மணி என்ன என்றுதான் கேட்டிருப்பீர்கள். மற்றவர்கள் ஒரு வேகமான வண்டியை வாங்கியதும் சக்கரத்தை மாற்றி, சைலன்சரை மாற்றி, பின்பக்கத்தில் ஒரு பலகையை நட்டு, தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி செய்துவிட்டுத்தான் ஓய்வார்கள். இவர் எதையும் தொட மாட்டார். தொட மாட்டார் என்றால் உண்மையிலேயே தொட மாட்டார். ஆக்ஸிலரேட்டரைக்கூட.

நான் சொல்லப்போகிறவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் உள்ளதை இடித்து, இழைத்து, அடைத்து, கடவுள் கொடுத்ததைக் கண்டபடி மாற்றி அமைப்பதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் அவர் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் மட்டும் மனுஷர் மகா வைதிகம். தரை விரிப்பின் மேல் பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த 'கவனம்' சீட்டு அப்படியே இருந்தது. டயரில் முளைத்திருக்குமே சின்னச் சின்ன ரப்பர் முடி, அதுகூட உதிராமல் இருந்தது. தெருவில் அவருக்கு 'ஒரிஜினல் டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதனால் எதிர்வரிசையில் கிளினிக் வைத்திருந்த இன்னொரு பல் டாக்டர், தன்னைப் போலி என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டவேண்டி வந்தது.

அந்தக் காரில் எஞ்சின் முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை. சீட்டுக்கு முதுகுப்புறம், நடுவில். இதன் மகிமையை விளக்க டாக்டருக்குக் கிடைத்த இடம் அவருடைய நாற்காலி. வாயில் பஞ்சும் குழாயும் வைத்து, ஆள் அசையமுடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஆரம்பிப்பார்.

"தலையில மூட்டை வச்சிக்கிட்டு ஓடினா தள்ளாடும். முதுகில வச்சா பின்னால இழுக்கும். அதையே இடுப்புல கட்டிக்கிட்டா? சட்டுனு திரும்பலாம். அதுதான் பேலன்ஸ்! இந்தக் கார் வளைவுல திரும்பறது கார் திரும்பற மாதிரி இருக்காது. நாமளே திரும்பற மாதிரி இருக்கும். என்ன சொல்றீங்க?"

"ஆஆ."

"கரெக்ட். பூஜ்யத்துல இருந்து நூறுக்கு நாலரை விநாடி. ஒரு ரகசியம் சொல்றேன். வளைவுக்கு நடுவுல பயந்துபோய் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடக் கூடாது. எடுத்தா எடை முன்னால போயிடும், பின்பக்கம் வால் மாதிரி வீசும். காலை எடுக்கவே கூடாது. புரியுதா?"

"ஆஆ, ஆஆ!"

அது வலி. டாக்டர் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இப்படி உபதேசித்தவர் அந்த வண்டியில் அதிகபட்சம் போன வேகம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? முப்பத்தெட்டு. அதுவும் ஒரு நாய் துரத்தியபோது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டிலிருந்து தெருமுனை வரை போவார், அங்கே மூன்று தடவை முன்னே பின்னே எடுத்துத் திருப்புவார், வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் துடைப்பார். மற்ற நாட்களில் அதைப் பற்றிப் படிப்பார். நனைந்த சாலையில் அது எப்படிப் போகும், எத்தனை அடியில் நிற்கும், எந்த வேகத்தில் திருப்பினால் ஸ்டியரிங் எவ்வளவு கனக்கும், எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அவருடைய மனைவி கணக்கு டீச்சர். பதினெட்டு வருஷ சர்வீஸ். தலைமையாசிரியை பதவிக்கு அவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு தடவை தன்னைவிட வயதில் குறைந்தவர்களுக்குப் போன பதவி. இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவருக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு, நகரத்தின் அந்தக் கோடியில், பள்ளி நிர்வாக அலுவலகத்தில். அவர்களுடைய சாதாரணக் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

"நான் பஸ்ஸிலேயே போயிடறேன்" என்றார் மனைவி.

டாக்டருக்கு இது தன் தலையில் அடித்ததுபோல் இருந்தது. நாலரை விநாடி வண்டி வாசலில் நிற்க, பெண்டாட்டி பஸ்ஸில் போவதா?

"பதினாலு கிலோமீட்டர்தானே! நான் கொண்டுபோய் விடறேன். சிவப்புல."

"வேண்டாங்க. இன்னிக்கு வேண்டாம்."

"என் வண்டி மேல உனக்கு நம்பிக்கை இல்ல."

"வண்டி மேல இருக்கு" என்றார் மனைவி. ஆனாலும் டாக்டரின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து, மனசு கேட்காமல் ஏறிவிட்டார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொன்னது. அந்தக் காரில் யாரும் ஏறமுடியாது. இறங்கத்தான் முடியும், கிணற்றில் இறங்குவதுபோல. இன்டர்வியூவுக்கென்று இஸ்திரி போட்ட புடவை, உட்கார்ந்த மாத்திரத்தில் மடங்கிப் போனது. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "போகலாமா?"

"ஆயில் சூடாகணும்."

பதிமூன்று நிமிஷம் சூடானது. சரியாக எட்டு ஐம்பத்தெட்டுக்குச் சக்கரம் உருண்டது.

தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் மொத்தம் நான்கு வேகத்தடைகள். முதல் தடைக்குப் பத்தடி முன்னால் டாக்டர் வண்டியை நிறுத்தினார்.

"கொஞ்சம் இறங்கிக்கோ."

"எதுக்கு?"

"எடை குறைஞ்சா அரை விரல் மேல தூக்கும். அப்படியே குனிஞ்சு, அடியில எவ்வளவு இடைவெளின்னு பாரேன்."

பதினெட்டு வருஷ சர்வீஸ் உள்ள கணக்கு டீச்சர் நடுரோட்டில் முட்டி போட்டு, கன்னத்தைச் சாலையோடு ஒட்டி, "ரெண்டு விரல்" என்று அறிவித்தார். வண்டி குறுக்காக ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம், கொஞ்சம் நின்று யோசித்து மூன்றாவது சக்கரம் என்று மரவட்டை மாதிரி ஏறி இறங்கியது. இரண்டாவது தடையிலும் இதே சடங்கு. பின்னால் ஹார்ன் சத்தம் காதைத் துளைத்தது. மூன்றாவது தடைக்கு அப்புறம் மனைவி ஏறவே இல்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நான்காவது தடைக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். ஒன்பதேகாலுக்கு மெயின் ரோட்டில் ஒரு பஸ் வந்து நிற்க, திரும்பியே பார்க்காமல் ஏறிவிட்டார்.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். போன மாதம்தான் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரிடம் தொப்பி போட்டுக்கொண்டவர். மூன்று நாள், மூன்று மணி நேரம் வாயைத் திறந்தபடி பேலன்ஸ் பாடம் கேட்டவர். பதில் பேச அவருக்கு இன்றைக்குத்தான் வாய் கிடைத்தது.

"டாக்டர்! எஞ்சின் நடுவுலதானே இருக்கு? இல்ல, வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு டாக்டருக்கு உறைக்கவில்லை. பின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி சிரிக்காமல், புடவையில் ஒட்டியிருந்த தார்ப்பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார். அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்த அம்மா எத்தனை ராத்திரி விழித்துப் படித்தார்! அந்தப் பதவி கைநழுவிப் போனால் காரணம் யார்? இரண்டு விரல் இடைவெளியா?

எப்படியாவது பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நகரத்தைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலை காலியாகக் கிடந்தது. திருப்பினார். அழுத்தினார்.

அப்போது நடந்ததை என்னவென்று சொல்ல! இரண்டு வருஷமாகப் பூனையாகக் கிடந்தது, காதுக்குப் பின்னால் கர்ஜித்தது. யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாற்போல் முதுகு சீட்டில் பதிந்தது. முள் நூறைத் தாண்டியது. வளைவு வந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது, திருப்ப நினைத்தார். வண்டி அதற்குள் திரும்பியிருந்தது. ஆட்டமில்லை, சாய்வில்லை. கார் திரும்பவில்லை, அவரே திரும்பினார். 'அடேயப்பா, நான் சொன்னதெல்லாம் நிஜம்!' என்று டாக்டர் பிரமித்துப் போனார். அந்தப் பிரமிப்பிலேயே பயமும் வந்தது. பயத்தில் என்ன செய்தார்?

காலை எடுத்துவிட்டார்.

வானம், மரம், சாலை, மறுபடி வானம். எல்லாம் நின்றபோது வண்டி வந்த திசையைப் பார்த்தபடி ஓரப் புல்லில் ஒழுங்காக நின்றது. டாக்டருக்கு ஒரு கீறல் இல்லை. சாலையில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒருவர், கையில் பிரஷ்ஷோடு நிதானமாக நடந்து வந்தார்.

"யூ டர்ன் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கு சார்."

டாக்டர் வெளியே தவழ்ந்து வந்தார். புல்லில் ஒரு பெயின்ட் டப்பா கவிழ்ந்து கிடந்தது. சிவப்புக் கதவிலிருந்து பின்சக்கரம் வரை, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைவெளேரென்று ஒரு கோடு.

"இது... இது போகுமா?"

"ரோட்டுல அஞ்சு வருஷம் தாங்கும் சார்" என்றார் அவர் பெருமையோடு. "லாரி ஏறினாலும் போகாது."

டாக்டர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்த வண்டி! ஒரு நிமிஷம் கண் கலங்கியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டை மறந்து எழுந்தார்.

மீதி வழியெல்லாம் இருபதைத் தாண்டாமல் ஊர்ந்து அவர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நிர்வாக அலுவலகத்தின் படிக்கட்டில் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"பஸ் எத்தனை மணிக்கு வந்துது?"

"ஒன்பது ஐம்பதுக்கு."

"என்ன ஆச்சு?"

"ஜூன்ல இருந்து நான்தான் தலைமையாசிரியை. உள்ளேயே சொல்லிட்டாங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். நாற்காலியில் கிடப்பவர்கள்போல் வெறும் "ஆஆ" தான் வந்தது. கடைசியில், "நான் கெடுத்திருப்பேன்" என்றார்.

"கெடுத்துத்தான் இருப்பீங்க" என்றார் மனைவி, கொஞ்சமும் தயங்காமல். அப்புறம் அவர் பார்வை கோட்டின் மேல் விழுந்தது. கதவிலிருந்து சக்கரம் வரை ஒரு தடவை பார்த்தார். நடந்ததை டாக்டர் திக்கித் திக்கிச் சொன்னார், காலை எடுத்தது உட்பட. அந்த அம்மாவுக்கு வந்ததே ஒரு சிரிப்பு, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சாவி கை மாறியது. புறவழிச்சாலையின் அதே வளைவில், கோடு போடுகிறவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒதுங்க, மனைவி காலை எடுக்கவே இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் போனது. வீட்டுத் தெருவின் வேகத்தடையை நேராகவே ஏற்றினார். அடியில் 'கர்ரக்' என்றது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெறும் சத்தம், அவ்வளவுதான்" என்றார் மனைவி. "நல்லாத் திரும்புதுங்க."

"நிஜமாவா?" என்று கண்ணைத் திறந்தார் டாக்டர். இத்தனை நாளும் வாயில் குழாயில்லாத ஒருவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வராதா என்றுதான் அவர் காத்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "இன்னொரு தடவை போலாமா?"

போனார்கள். இப்போது அந்த வண்டி தலைமையாசிரியை அம்மாவுக்கு வாரத்தில் நான்கு நாள், டாக்டருக்கு இரண்டு நாள். டயரில் ரப்பர் முடி ஒன்றுகூட மிச்சமில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், உங்களிடம் ஸ்போர்ட்ஸ் காரா இருக்கிறது? ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில், ஓரமெல்லாம் சுருண்டு, பழுத்துப் போய், இன்னும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை உரித்துவிடலாமே என்று வந்த விருந்தாளி ஒருவர் சும்மா விரலை நீட்டியபோது, சோபாவிலிருந்து எழுந்து, மேஜையைத் தாண்டி, "இருக்கட்டும், இருக்கட்டும்!" என்று குறுக்கே பாய்ந்தது யார்?

எழுந்திருக்க வேண்டாம். நான் ஒன்றும் உரிக்கப் போவதில்லை.